அண்ணன் கிடார், தம்பி கை

அத்தியாயம் 17

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அடித்துச் சத்தியம். சென்ற வாரத்தைப் படித்துவிட்டு, "ஒரு கிடார் சத்தத்துக்கு மாடு கன்று போடுமா?" என்று கேட்டு எழுதிய நான்கு வாசகர்களுக்காக இந்த முறை இரண்டு கட்டிக் கற்பூரம்.

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு, ஏழு வருஷமாக மிதிக்காத அண்ணன் வீட்டு வாசலில், தோளில் கிடார் பையோடு பாஸ்கர் செருப்பைக் கழற்றினான் அல்லவா? அங்கிருந்து தொடங்குவோம்.

அண்ணன் துரைராஜ் முதலில் பார்த்தது தம்பியின் முகத்தை அல்ல, செருப்பை. ராத்திரி பெய்த மழையில் சேறு அப்பியிருந்தது.

"செருப்ப பாரு. கல்யாண மண்டபத்துல மாத்தி போட்டுக்கினு வந்தவன் மாதிரி" என்றார்.

"இன்னாங்க, தம்பி வாசல்ல நிக்குது. வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி லீலாவதி.

"வூடு தொறந்துதான கீது? ஓணான் உள்ள வரும்போதெல்லாம் நான் வெத்தல பாக்கு வெச்சா அழைக்கிறேன்?"

லீலாவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருஷ இல்லறத்தில் அந்தப் பார்வை ஒன்றுதான் தேயாமல் இருந்தது. "நீ வா தம்பி" என்றாள்.

"சௌக்கியமா அண்ணி? நேத்து ராத்திரிலேர்ந்து போன் போடுறேன், ஆஃப்ல கீது."

"சார்ஜ் போச்சி. உள்ள வா."

இந்தச் சகோதரர்கள் பேசிக்கொள்ளாத கதை வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டு பேரும் பகலில் பட்டு நெய்கிறவர்கள். திருவிழாக் காலத்தில் ஒரே இன்னிசைக் குழுவில் தம்பி மெட்டுக்கு லீட் கிடார், அண்ணன் அடிநாதத்துக்கு பேஸ் கிடார். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாகறல் திருவிழாவில், பாதிக் கச்சேரியில், பாஸ்கர் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "எங்கண்ணன் கிடாரு ஊமைங்க. மூணு மணி நேரமா அவரு சும்மா சொறிஞ்சிக்கினு நிக்கிறாரு." ஊரே சிரித்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த கோயில் மாடுகூடச் சிரித்ததாகத் துரைராஜ் சொல்கிறார்.

பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பார். அவன் சொன்னது உண்மை.

பதினாறு வருஷத்துக்கு முன் ஓர் ஆயுத பூஜையில், தறி மரத்துக்குப் பூசுகிற பழக்கத்தில், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் துரைராஜ் பேஸ் கிடாருக்கும் பூசினார். கஞ்சத்தனம் செய்யவில்லை. ஒயர் செருகுகிற துளையில் இரண்டு விரல் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். தறியில் ஒயர் செருகும் துளை இல்லாதது யார் குற்றம்? சந்தனம் உள்ளே போய்க் கல்லாக இறுகியது. ஒயர் முனை பாதிக்குமேல் போகவில்லை; ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் அந்த ரகக் கிடாருக்குச் சத்தம் ஏது? கிடார் அன்றோடு வாய் மூடியது.

அதற்குப் பிறகும் அவர் நூற்றுக்கணக்கான மேடைகளில் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றார். கீ போர்டுக்காரனின் இடது கை பேஸ் வாசித்தது. அவனையும் சவுண்ட் சர்வீஸ் எல்லப்பனையும் விட்டால் யாருக்கும் சங்கதி தெரியாது; பக்கத்தில் நின்று வாசித்த தம்பி பின்னால் கண்டுபிடித்தான். "துரை, நீ தலைய மட்டும் ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று எல்லப்பன் சொல்லிவிட்டான். துரைராஜ் தலையை ஆட்டினார். அவரைப் போலத் தலையாட்ட செங்கல்பட்டு வரைக்கும் ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார்.

இன்று அந்தப் பெயருக்குத்தான் கண்டம்.

ஏனென்றால், உத்திரமேரூர் கிடார்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க் கல்வெட்டில் எத்தனையோ விதிகள் இருக்கின்றன, இது இல்லை; கல்வெட்டு வெட்டினவர்களுக்கு அறிவு இருந்தது. ஆயுத பூஜையன்று எல்லாருடைய கிடாரும் ஒரு வீட்டில் கூடும். விஜயதசமி காலையில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவனும் தன் கிடாரின் பெருமையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தன்னுடையதைத் தானே தொடக் கூடாது. இடப்பக்கம் இருப்பவனுடைய கிடாரை எடுத்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். 'சொன்ன வாய் வேற, வாசிக்கிற கை வேறயா இருக்கணும்' என்பது கணக்கு.

அண்ணன் தம்பி பேச்சு நின்ற பிறகு பாஸ்கர் இந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லை. மற்றவர்களைத் துரைராஜ் சமாளித்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் தன் வலப்பக்கத்தில் ஜானை உட்கார வைத்துக்கொள்வார். ஜான், சர்ச்சில் வாசிக்கிற சாது. ஊமைக் கிடாரை மடியில் வைத்து, சத்தம் வராததற்குத் தன் விரல்தான் காரணம் என்று நினைத்து, "மன்னிச்சிக்கோங்க துரைண்ணா, பெரிய கிடாரு, எனக்கு வசப்படல" என்று கும்பிட்டுத் திருப்பிக் கொடுப்பான். துரைராஜும் பெருந்தன்மையாக மன்னிப்பார். இப்படிப் போனது காலம்.

இந்த வருஷம் முறை துரைராஜ் வீட்டுக்கு. பாயும் அவர் போட்டதுதான். ஜானை வலப்பக்கம் இருத்தியாகிவிட்டது. இடப்பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற வீராசாமி ஒரு கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தான். எல்லப்பன் தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நடுவில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சுவரோரம் சாய்ந்திருந்தான்.

லீலாவதி இட்லித் தட்டோடு வந்தாள்.

"ஜான் தம்பி, உன் மேல வெயில் அடிக்குது பாரு. இந்தாண்ட எழுந்து வா. பாஸ்கரு, நீ அங்க உக்காரு."

ஜன்னல் வடக்குப் பார்த்தது. அதில் வெயில் அடித்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஜான், சொன்னால் எழுந்துகொள்ளும் ஜாதி. பாஸ்கர் அண்ணனின் வலப்பக்கத்தில் சம்மணம் போட்டான்.

துரைராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மில அரைச்சதா அக்கா? வாசனையே வேற" என்றான் ஜான்.

"தேங்காய்க்கு வந்த வாழ்வு" என்றார் துரைராஜ். தட்டை ஓரமாகத் தள்ளினார்.

*

நாஷ்டா முடிந்து கை கழுவியதும் பெருமை பேசும் படலம் தொடங்கியது. இளையவன் முதலில், மூத்தவர் கடைசியில்.

ஜான் தன் பழுப்பு நிற மரக் கிடாரைத் தடவினான். "பெரு வெள்ளம் வந்த வருஷம் இது பாலாத்துல போயிடிச்சி. ஓரிக்கை பாலத்துல நின்னு பாத்துக்கினே இருக்கேன், மல்லாக்க படுத்துக்கினு போகுது. மூணாம் நாளு கடலோரத்துலேர்ந்து ஒரு மீன்காரரு தேடி வந்து குடுத்தாரு. எடுத்து மீட்டுறேன், சுருதி மாறவே இல்ல!"

"மெதந்துச்சி, சரி" என்றார் துரைராஜ். "அதுக்கு முன்னாடி அது எப்ப சுருதில இருந்துச்சி? அத சொல்லு."

வீராசாமி சிரித்துவிட்டு, தன் வெள்ளைக் கிடாரைக் காட்டினான். "எங்க வூட்டு எருமைக்கு இதான் எல்லாம். நான் வாசிச்சாதான் பால் எறங்கும். வாசிக்கலன்னா கால தூக்கும்."

"நீ வாசிக்கிறத நிறுத்தணும்னு சீக்கிரமா எறக்குது. அறிவுள்ள எருமை. நீ அதுகிட்ட கத்துக்க."

"உன்னாண்ட நல்ல வார்த்த வாங்கறதுக்கு எருமையா பொறக்கணும்ணா."

"பொறந்தாலும் உன்ன புடிச்சி எவன் கட்டுவான்?"

ஆனந்தமாக இருந்தது துரைராஜுக்கு. அடுத்தவன் கிடாரைப் பற்றிப் பேசும்போது அவருக்குத் தொழில் தெரியும். உலகத்தில் உள்ள கிடார்களை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: விறகு, துடைப்பம், தன்னுடையது.

அடுத்தது பாஸ்கர். அவன் சிவப்புக் கிடாரைப் பையிலிருந்து எடுத்து, துணியால்கூடத் துடைக்காமல் முன்னால் வைத்தான்.

"எனக்கு கதையெல்லாம் வராது. இது கிடாரு. வாசிச்சா கேக்கும்."

வீராசாமி விசிறுவதை நிறுத்தினான். எல்லப்பன் கூரையில் பல்லி தேடினான்.

துரைராஜின் காது மடல் சூடானது. முப்பத்தொரு வருஷம் மேடையில் நின்ற மனுஷன், ஒரு செருப்பில்லாத பயலிடம் — செருப்பு வாசலில் இருந்தது, இருந்தாலும் — தலை குனிவதா? அவர் தன் கறுப்பு பேஸைப் பார்த்தார். நேற்று மாலை பூசிய புதுச் சந்தனம், மூன்று குங்குமப் பொட்டு, கழுத்தில் சாமந்தி. மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. பேசாத மாப்பிள்ளை.

"இது ஆருது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "சிங்கப்பூர் கப்பல்ல வாசிச்ச ஒரு பெரிய மனுஷரு கடைசி காலத்துல என் கைய புடிச்சி, 'துரைராஜு, இத தாங்குற தோள் உன்னுது ஒண்ணுதான்'னு குடுத்தது. ஒருவாட்டி மாகறல்ல நாலாவது கம்பிய ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். செய்யாத்து தண்ணி நின்னுடிச்சி. மீனெல்லாம் கரையேறி வந்து ஒக்காந்துக்கிச்சி. களத்துல வேலையா இருந்தவங்க கூடையோட ஓடியாந்தாங்க. ஒரு வாரம் ஊரெல்லாம் மீன் கொழம்பு."

"கோயில் திருவிழா நேரத்துல மீனா?" என்றான் வீராசாமி.

"பாவம் மீனுக்கு. எனக்கு இன்னா?"

பாஸ்கர் சிரிக்கவில்லை. "அப்ப வாசிச்சிடலாம்" என்றான்.

*

கை மாறியது.

ஜான் பாஸ்கரின் சிவப்புக் கிடாரைக் குழந்தையை வாங்குவது போல வாங்கி ஒரு பாட்டு வாசித்தான். வீராசாமி ஜானின் மரக் கிடாரில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, வெள்ளத்தில் தப்பியதை வீட்டில் மூழ்கடித்தான். துரைராஜின் இடப்பக்கம் வீராசாமி; ஆகவே அவர் பங்குக்கு வெள்ளைக் கிடார் வந்தது. அதை இரண்டு விரலால் தூக்கி, ஒரு கம்பியை ஒருமுறை தட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"இத வாசிச்சா நான் குளிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கதவருகே நின்ற லீலாவதி மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு வாசிக்காமல் தப்பித்த அந்த விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

பாஸ்கர் எழுந்து, பூஜை மூலையிலிருந்த கறுப்பு பேஸைத் தூக்கினான். சாமந்தி மாலையைக் கழற்றி அண்ணன் மடியில் வைத்தான். வாரைத் தோளில் மாட்டினான். எல்லப்பன் ஒயரின் ஒரு முனையை ஆம்பில் செருகி, மறு முனையை நீட்டினான். எழவு வீட்டில் நெய்ப்பந்தம் நீட்டுகிறவன் முகம் அவனுக்கு.

துரைராஜ் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார்: 'ஏழு வருஷம் கழிச்சி வந்து கிடார ஒடைச்சிட்டான்.' உரக்கச் சொல்ல வேண்டும். முதலில் சொல்ல வேண்டும். முதலில் கத்துகிறவன் பக்கம்தான் நியாயம் என்பது அவர் அனுபவம். சொல்லாவிட்டால், நாளைக் காலை டீக்கடையில் அவர் வெறும் தலையாட்டி.

பாஸ்கர் துளையைக் குனிந்து பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். ஒயரைச் செருகினான். முழுசாக உள்ளே போனது.

நாலாவது கம்பியை ஒருமுறை இழுத்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் மரியாதை. அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தன. கிணற்றில் வளையம் வளையமாக அலை எழுந்தது. காஞ்சிபுரம் போகிற பஸ்ஸை டிரைவர் ஓரங்கட்டி, இறங்கி, நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். ஏரியில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்து, ஒரு வட்டம் அடித்து, பழைய இடத்தில் உட்காராமல் இடம் மாறி உட்கார்ந்தன. பக்கத்து அறையில் தறியில் பாதி நெய்திருந்த முந்தானையில் ஒரு அன்னம் தலையைத் திருப்பிக்கொண்டது. சேலை வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

"யப்பா!" என்றான் ஜான். "நெஞ்சுக்குள்ள வந்து ஒக்காருது!"

"சிங்கப்பூரு சிங்கப்பூருதான்" என்றான் வீராசாமி.

எல்லப்பன் வாயைத் திறந்தான். வெகு நேரம் மூடவில்லை.

பாஸ்கர் நிறுத்தாமல் வாசித்தான். அது அவர்கள் இருவரும் முதன்முதலில் மேடையேறியபோது வாசித்த பக்திப் பாட்டு. அண்ணன் அப்போது நிஜமாகவே வாசித்தார். தம்பி அந்த பேஸ் சத்தத்தின் மேல் ஏறி நின்று லீட் வாசித்தான். இப்போது துரைராஜின் கட்டை விரல் சாமந்தி மாலையை ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் குரல் இப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

பாட்டு முடிந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் செருமினார். "ரெண்டாவது கம்பி ஒரு நூல் எறக்கமா கீது" என்றார். "உனக்கு அது கேக்காது."

"கேக்கல" என்றான் பாஸ்கர். பேஸைக் கழற்றி, எந்தச் சபையிலும் செய்யாத விதமாக, இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினான். "ண்ணா, மாகறல்ல நான் சொன்னது தப்பு. உன் கிடாரு ஊமையில்ல. இவங்க முன்னாடி சொல்றேன்."

துரைராஜ் பேஸை வாங்கி மடியில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிறவனை எப்படித் திட்டுவது என்று அவருக்கு உடனே தோன்றவில்லை.

"தை மாசம் சந்தியா கல்யாணம்" என்று பாஸ்கர் தொடர்ந்தான். "என் பொண்ணு கண்டிஷனா சொல்லிட்டா. ரிசப்ஷன்ல பெரியப்பா வாசிக்கணுமாம். நான் லீட்டு, நீ பேஸு. கீ போர்டு வெக்கல. நாம ரெண்டு பேருதான்."

"கீ போர்டு இல்லியா?"

"இன்னாத்துக்கு? இவ்ளோ பேசுற கிடாரு கீதே!"

"பாக்கலாம்" என்றார் துரைராஜ். குரல் அவருடையது மாதிரி இல்லை. "உன் வாசிப்புக்கு நான் எறங்கி வர முடியுமான்னு பாக்கணும்."

பாஸ்கர் வாசலில் செருப்பை மாட்டும்போது லேசாகச் சிரித்தது லீலாவதிக்கு மட்டும் தெரிந்தது.

*

எல்லாரும் போன பிறகு துரைராஜ் பேஸை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் துளையை ஆராய்ந்தார். சுத்தமாக இருந்தது. உள்ளே தகடு பளபளத்தது.

"அடியே! நீயா இதுல கைய வெச்ச?"

"நேத்து பூஜைக்கு தொடைக்கும்போது ஊக்கு வுட்டு நோண்டினேன்" என்றாள் லீலாவதி. பாத்திரம் விளக்குவதை நிறுத்தவில்லை. "கட்டி கட்டியா வந்துச்சி. இன்னும் வாசனை போவல."

"ஊக்கா?"

"ஆமா. பொடவைல குத்தியிருந்த ஊக்கு. அஞ்சு நிமிஷ வேல. பதினாறு வருஷமா ஊரெல்லாம் ஒளிஞ்சிக்கினு திரிஞ்சீங்களே, ஒரு ஊக்கு கெடைக்கல உங்களுக்கு?"

"உன்ன ஆரு கேட்டா? பெரிய மெக்கானிக்கு!"

"எம் பொண்ணு மாதிரி வளத்தேன் சந்தியாவ. அவ கல்யாணத்துல பெரியப்பன் ஓரமா நின்னு மொறைக்கிறத நான் பாக்க மாட்டேன்." அவள் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். "ஊக்கு கெடைக்காம இல்ல. எனக்கு தெரியாதா? ஊம கிடாரு தப்பு வாசிக்காது. அதான் சொகமா இருந்துச்சி உங்களுக்கு."

துரைராஜ் பேஸைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். எல்லப்பன் சாயங்காலம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விட்டுப் போன ஆம்ப் நடுவில் இருந்தது. ஒயரைச் செருகினார். வாரை மாட்டினார். தலை தானாக ஆட ஆரம்பித்தது, அதை நிறுத்தினார்.

இடது கை கிடாரின் கழுத்தைப் பிடித்தது. பாட்டின் முதல் சுரம் எந்தக் கட்டத்தில்? மூன்றாவதா, ஐந்தாவதா? விரல் மூன்றில் நின்றது, ஐந்துக்குப் போனது, மறுபடி மூன்றுக்கு வந்தது. தைக்கு மூன்றே மாதம்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு நாலாவது கம்பியை இழுத்தார். டம்ளர்கள் மறுபடி நகர்ந்தன.

முந்தின நாள் ராத்திரி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்ததால், விஜயதசமி அன்று மாலை ஆறரை மணி வரை அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை.